வியட்நாமை முதல்முறை சுற்றுபவர்களுக்கு: ரயிலில் போங்கள்

ஹனோய், ஹுவே, டா நாங், ஹோய் ஆன், சைகோன் என்று ஒரே பயணத்தில் நாலைந்து ஊர் பார்க்க நினைத்தால் வடக்கு–தெற்கு ரயிலைத்தான் சொல்வேன். மொத்தம் 1,726 கிலோமீட்டர், ஒரே மூச்சில் போனால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் இறங்கி ஏறிப் போவதே சரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஹனோயில் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் ஹுவே, ஒரு நாள் ஓட்டல் வாடகையும் மிச்சம். ஆறு படுக்கை அறையில் மேல் படுக்கை மலிவு, ஆனால் நிமிர்ந்து உட்கார முடியாது. பெரியவர்களோடு போகிறவர்கள் நாலு படுக்கை அறையில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து எடுங்கள்.

ஹுவேயிலிருந்து டா நாங் வரையிலான மூன்று மணி நேரத்தை மட்டும் பகலில் வையுங்கள், இடப்பக்க ஜன்னல் கட்டாயம். ஹாய் வான் மலையில் வண்டி ஊர்ந்து போகும், நேர் கீழே பாறையும் கடலும், ஒரு சுரங்கம் வந்து மறைக்கும், வெளியே வந்தால் புதிதாக இன்னொரு வளைகுடா. அந்தக் காட்சிக்கே கொடுத்த காசு தகும்!

ஹோய் ஆனில் ஸ்டேஷன் கிடையாது, டா நாங்கிலிருந்து 30 கிலோமீட்டர் டாக்சி. அப்புறம் சைகோனுக்கு விமானமே மேல். சைவக்காரர்கள் பழம், ரொட்டி வாங்கிக்கொண்டு ஏறுங்கள். அக்டோபர், நவம்பரில் நடு வியட்நாமில் மழை கொட்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது, ஆனால் டெட் புத்தாண்டு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், டிக்கெட் கிடைப்பது கஷ்டம்.