வீட்டுச் சிகிச்சைக்கும் காப்பீடு: மூன்று ஆண்டுகள் வைத்திருந்த ஒரு பாலிசியைப் பற்றி

எழுபது வயதைக் கடந்த அப்பாவுக்காக 2022 அக்டோபரில் நாங்கள் எடுத்த மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியின் விளம்பரத் தாளில், மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டிலேயே பெறும் சிகிச்சைக்கும் பணம் உண்டு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மற்றவற்றைவிடப் பிரீமியம் கூடுதலாக இருந்தும் அந்த ஒரு வரிக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு முறை க்ளெய்ம் செய்த பிறகு, அந்த வரி பொய்யில்லை என்றும், நாங்கள் அதை வாசித்த விதம்தான் தவறு என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் வீட்டில் நடக்கும் சிகிச்சை வேறு, வீட்டில் நடக்கும் பராமரிப்பு வேறு. முதலாவதற்கு நிபந்தனையுடன் பணம் தருவார்கள். இரண்டாவதற்கு ஒரு ரூபாயும் வராது.

2024 ஜூனில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைச் செலவில் எங்கள் பங்கான 20% போக மீதியைக் கேஷ்லெஸ் முறையில், அதாவது மருத்துவமனைக்கே நேரடியாகச் செலுத்தி, தீர்த்துவிட்டார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. உண்மையான செலவு வீடு திரும்பிய பிறகே தொடங்கியது. பகல் நேர உதவியாளருக்கு நாளொன்றுக்கு 900 ரூபாய் வீதம் அறுபது நாளில் 54,000 ரூபாயும், பிசியோதெரபிஸ்ட் 24 முறை வந்ததற்கு 12,000 ரூபாயும் ஆயின. வாடகைக் கட்டில், காற்று மெத்தை, வாக்கர், டயப்பர் எல்லாம் தனி.

எங்கள் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவுக்கு இடமிருந்ததால் மருந்து, எக்ஸ்ரே, பிசியோதெரபி மூன்றுக்கும் 20% கழித்துப் பணம் வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பிசியோதெரபி தொடர வேண்டும்’ என்று மருத்துவர் எழுதியிருந்ததே எங்களைக் காப்பாற்றியது. அந்த ஒரு வரியை எழுதி வாங்காமல் மருத்துவமனையிலிருந்து கிளம்பாதீர்கள். உதவியாளர் சம்பளமும் வாக்கரும் டயப்பரும் முழுமையாக நிராகரிக்கப்பட்டன. கோபத்தோடு பாலிசி ஆவணத்தைப் புரட்டியபோதுதான், குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்க வைப்பது போன்ற அன்றாட உதவிகளை, பயிற்சி பெற்ற செவிலியரே செய்தாலும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் ஐந்தாவது வெளியே நிறுத்துகிறது என்று தெரிந்தது. பணம் தரத் தேவையில்லாத 68 பொருள்களின் பட்டியலும் இணைப்பாக இருந்தது. உதவியாளர் கட்டணம், டயப்பர், நடைக்கருவி, மருத்துவமனைக்கு வெளியே பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் அதில் இருக்கின்றன. குழந்தை உணவு தொடங்கி டெலிவிஷன் கட்டணம் வரை போகும் அந்தப் பட்டியலைப் பாலிசி வாங்கும் முன் ஒருவரும் எங்களுக்குக் காட்டவில்லை.

அறுபது நாள் முடிந்த பிறகு கைகொடுத்தது காப்பீடு அல்ல, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். அத்திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் கட்டணமின்றி வீட்டுக்கு வந்து பயிற்சி அளித்தார்.

இரண்டாவது க்ளெய்ம்தான் அந்த விளம்பர வரிக்கு வந்த உண்மையான சோதனை. 2025 ஜனவரியில் அப்பாவுக்கு நுரையீரல் தொற்று ஏற்பட்டது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலைதான் என்றாலும், வயதைக் கருதி வீட்டிலேயே ஊசி மருந்து செலுத்தலாம் என்றார் மருத்துவர். பாலிசிகளில் வீட்டுச் சிகிச்சைக்கென உள்ள இரண்டு பிரிவுகளை இங்கே பிரித்தறிய வேண்டும். பழைய ‘டொமிசிலியரி’ பிரிவில், நோயாளியை நகர்த்த முடியாத நிலையோ மருத்துவமனையில் இடமில்லாத நிலையோ இருந்தால்தான் பணம் கிடைக்கும். பல பாலிசிகள் மூன்று நாளுக்கு மேல் சிகிச்சை நடந்திருக்க வேண்டும் என்பதோடு, ஆஸ்துமா, மூச்சுக்குழாய் அழற்சி, நீரிழிவு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் விலக்கிவிடுகின்றன. கோவிட் சிகிச்சைக்கென வந்த கொரோனா கவச் பாலிசி 14 நாள் வரை வீட்டுச் சிகிச்சைக்குப் பணம் தந்த 2020-க்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்ட ‘ஹோம் கேர்’ பிரிவு இதைவிடத் தாராளமானது: மருத்துவர் எழுத்தில் பரிந்துரைக்க வேண்டும், நாள்தோறும் அவருடைய கண்காணிப்பு இருக்க வேண்டும், அன்றன்று செய்த சிகிச்சையைப் பதிந்த தாளில் அவர் கையொப்பமிட வேண்டும். எங்கள் பாலிசியில் இரண்டும் இருந்தன. எல்லா நிறுவனங்களும் விற்கும் அடிப்படை மருத்துவப் பாலிசியான ஆரோக்ய சஞ்சீவனியில் டொமிசிலியரி சிகிச்சை விலக்குகளில் ஒன்று என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முன் அனுமதி அன்றே கிடைத்தது. நிறுவனத்தின் பட்டியலில் உள்ள சேவையாளரே செவிலியரை அனுப்பினார். பணி நேர்த்தியாக இருந்தது. ஏழு நாள் கட்டணம் 42,000 ரூபாய். ஆனால் இரண்டு நாள் தாளில் மருத்துவர் கையொப்பம் இல்லை என்று 12,000 ரூபாயைக் கழித்து, மீதியில் 80 சதவீதமாக 24,000 ரூபாய் மட்டும் ஒப்புக்கொண்டார்கள். தாளைப் பராமரிக்க வேண்டியவர் அவர்களுடைய சேவையாளர், தண்டனை எங்களுக்கு. அந்த இரு நாள்களிலும் மருத்துவர் காணொளியில் பார்த்ததற்கான பதிவை இணைத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம்; இரண்டு வாரத்தில் 9,600 ரூபாய் வந்து சேர்ந்தது. வராமல் போயிருந்தால், முப்பது நாள் பொறுத்துச் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) கட்டணமின்றி முறையிடலாம் என்று விண்ணப்பத்தைக்கூட எழுதி வைத்திருந்தேன்.

மருத்துவர் தினமும் வீட்டுக்கு வரவோ காணொளியில் பார்க்கவோ இசைகிற குடும்பங்களுக்கு இந்தப் பாலிசியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோருக்கு ஆள் வைக்கும் செலவு கிடைக்கும் என்று எண்ணுபவர்கள் இதற்காகக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டாம். 2024 முதல் பாலிசியோடு தரப்படும் வாடிக்கையாளர் தகவல் தாளில் விலக்குகள் சுருக்கமாக உள்ளன. பாலிசி பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

2025 அக்டோபரில் நாங்கள் புதுப்பித்துக்கொண்டோம். அந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18% ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டதால் மிச்சமான தொகையை அஞ்சலகத் தொடர் வைப்பில், உதவியாளர் சம்பளத்துக்கென்றே, போட்டு வருகிறோம்.