பின் சீட்டுக்காக நீட்டிய வண்டி: சுஜோவில் எட்டு வருட ஓட்டம்

2017 செப்டம்பரில் எடுத்த வண்டி. இன்று காலை மீட்டரில் 1,18,400 கிலோமீட்டர். இவ்வளவும் ஓடியது சீனாவில், ஷாங்காய்க்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் சுஜோ நகரத்திலும் அதன் சுற்றுப்பக்கத்திலும்தான். 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், தானாகக் கியர் மாற்றும் ஏழு கியர் இரட்டைக் க்ளட்ச், ஐரோப்பிய நிறுவனத்தின் நடுத்தர செடான். சீனக் கூட்டாளியோடு சேர்ந்து இங்கேயே செய்து விற்கிறார்கள். ஐரோப்பாவில் ஓடும் அதே வண்டிதான், வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், மட்டும் நாலைந்து விரற்கடை கூடுதல்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே கொஞ்சம் குறைகளும் வருகின்றன, அதையெல்லாம் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. இங்கே வந்த ஐரோப்பியக் கம்பெனிகள் எல்லாமே ஒரே தையல்காரரிடம் அளவு கொடுத்ததுபோல ஏறக்குறைய ஒரே மாற்றங்களைத்தான் செய்திருக்கின்றன. அந்த மாற்றங்களோடு எட்டு வருடம் குடும்பம் நடத்தியதைத்தான் எழுதுகிறேன்.

ஷோரூமில் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. நான் ஓட்டுநர் பக்கக் கதவைப் பார்த்துப் போகிறேன். விற்பனைப் பெண்ணோ பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். முழங்காலுக்கும் முன் சீட்டின் முதுகுக்கும் நடுவே தாராளமாக ஒரு சாண். அப்புறம் கையை நீட்டி, முன்பக்கப் பயணி சீட்டின் தோள் ஓரத்தில், பின்னால் இருப்பவர் கைக்கு எட்டும்படி வைத்திருந்த பொத்தானை அழுத்தினார். முன் சீட் முனகிக்கொண்டே நகர்ந்து டேஷ்போர்டு பக்கம் போய் ஒடுங்கியது. 'லாவ்பான் ஜியேன்' என்றார். லாவ்பான் என்றால் முதலாளி. முதலாளி பொத்தான்! எஞ்சினைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னார், அதுவும் கையேட்டைப் பார்த்து.

எனக்கு அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. நான் ஆசைப்பட்டது ஓட்டுவதற்கு. வளைவில் சாலையைக் கவ்விக்கொண்டு போகும் ஐரோப்பிய வண்டி வேண்டும் என்று வந்தவனுக்குக் கல்யாண மண்டப சோபாவைக் காட்டுகிறார்களே என்று தோன்றியது. அந்த 1.4 லிட்டரை எடுத்ததற்கும் ஆசை காரணமில்லை; அந்த வருடம் 1.6 லிட்டரும் அதற்குக் கீழும் உள்ள எஞ்சின்களுக்கு வாங்கும் வரி 10 சதவீதத்துக்குப் பதில் 7.5 சதவீதம்.

இந்த நீட்டும் வேலை புதிதில்லை. ஃபோக்ஸ்வாகன் 1983இல் ஷாங்காயில் சாண்டானா காரைப் பாகம் சேர்த்துப் பூட்ட ஆரம்பித்தது. 1995இல் சாண்டானா 2000 வந்தபோது, பிரேசில் பொறியாளர்களின் உதவியோடு வீல்பேஸை 2,548 மி.மீ.யிலிருந்து 2,656 ஆக்கியிருந்தார்கள். 1999இல் ஆடி ஏ6க்கு 90 மி.மீ. கூடியது. 2006இல் பிஎம்டபிள்யூ 5 சீரிஸுக்கு 140. 2012இல், ஓட்டுபவர்களின் வண்டி என்று பேரெடுத்த 3 சீரிஸுக்கே 110. ஆரம்ப காலத்தில் இங்கே கார் வைத்திருந்தவை அரசு அலுவலகங்களும் தொழிற்சாலைகளும். ஓட்டுவதற்கு டிரைவர் உண்டு. எந்த வண்டி என்று முடிவு செய்பவர் பின்னால் உட்காருபவர். பிறகு வீட்டுக்கு வீடு சொந்தக் கார் வந்தது, டிரைவர் போனார், பின் சீட்டின் மரியாதை மட்டும் போகவில்லை. ஒரு பிள்ளை, அதன் அப்பா அம்மா, தாத்தா பாட்டி என்று ஒரே வண்டியில் மூன்று தலைமுறை ஏறுகிறது. முதலாளியின் இடத்தில் இப்போது பாட்டி.

நீளம் மட்டுமில்லை, வாலும் வேண்டும். சித்ரோனின் இசட்எக்ஸ் ஹேட்ச்பேக்கை வூஹானில் ஃபூகாங் என்ற பெயரில் செய்தார்கள். நல்ல வண்டிதான், ஆனால் 'தலை இருக்கிறது, வால் இல்லை' என்ற பேச்சு எழுந்தது. டிக்கி துருத்திக்கொண்டு நின்றால்தான் இங்கே அது கார். கடைசியில் ஃபூகாங் 988 என்று ஒரு வாலை ஒட்ட வைத்தார்கள். இன்றும் அப்படித்தான். 2023இல் வந்த ஃபோக்ஸ்வாகனின் புதிய பசாட் ஐரோப்பாவில் எஸ்டேட் உடலில் (கூரை பின்கதவு வரை நீளும், டிக்கி தனியாகத் துருத்தாது) மட்டுமே விற்பனைக்கு வந்தது. சீனாவில் அதே அளவில் செடான்களாக, அதுவும் இரண்டு கூட்டு நிறுவனங்களில் இரண்டு பெயர்களில் ஓடுகின்றன. எங்கள் அடுக்ககத்தின் அடித்தளப் பார்க்கிங்கில் முந்நூறு வண்டிகளாவது நிற்கும். எஸ்டேட் ஒன்றே ஒன்று. அதன் சொந்தக்காரர் ஜெர்மன்காரர்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன்.

முதல் இரண்டு வருடம் பின் சீட்டின் அருமை எனக்குத் தெரியவில்லை. மகள் கைக்குழந்தை, குழந்தை இருக்கையைப் பின்னோக்கி மாட்டியும் முன் சீட்டில் மனைவி கால் நீட்டி உட்கார முடிந்தது, அவ்வளவுதான். 2019இல் அம்மா திருநெல்வேலியிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்தார். முழங்கால் வலி. ஊரில் எந்தக் காரில் ஏறினாலும் அரை மணி நேரத்தில் 'எய்யா, கொஞ்சம் நிறுத்து, காலை நீட்டிக்கிடுதேன்' என்பார். இங்கே ஹாங்ஜோவுக்குப் புறப்பட்டோம், இரண்டரை மணி நேரம். அரை மணி கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். வீல்பேஸை நீட்டிய பொறியாளர்கள் சம்மணத்தை மனதில் வைத்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த நாலு விரற்கடையும், மெத்தென்று நிரப்பிய சீட்டும் சேர்ந்து அதற்கு இடம் கொடுத்துவிட்டன. போகப்போக முதலாளி பொத்தானையும் அம்மா கண்டுபிடித்துவிட்டார். முன் சீட்டில் ஆள் இருக்கும்போதே அழுத்திவிடுவார் என்பது தனிக்கதை.

நடுவில் மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் மட்டும் கஷ்டம். முன்சக்கர இழுவை வண்டிதான், ஆனாலும் நான்கு சக்கர இழுவைக்கும் சேர்த்து வார்த்த அடித்தளம் என்பதால் தரையில் நடுவே ஒரு மேடு. இடத்தை நீட்டியவர்களால் மேட்டை அமுக்க முடியவில்லை.

இன்னொரு குறை குளிர்காலத்தில் தெரிந்தது. சுஜோவின் குளிர் ஈரக்குளிர், பூஜ்யத்தைத் தொடும்போது எலும்புக்குள் இறங்கும். பின்னால் ஏசி துவாரம், கை வைக்கும் பலகை, வெந்நீர் குடுவை நிற்கும் ஆழத்தில் கோப்பைப் பள்ளம், எல்லாம் உண்டு. சீட் சூடேற்றி மட்டும் முன் சீட்டுகளுக்கே. என் மாடலில் மிச்சம் பிடித்துவிட்டார்கள். 'ஜியேன்பெய்' என்பார்கள் இங்கே, தரவேண்டியதைக் குறைத்துத் தருவது. வண்டிக்காரர்கள் நான்கு பேர் கூடினால் அரை மணிக்குள் இந்தச் சொல் வந்துவிடும். சந்தைக்கேற்ற மாற்றத்துக்கும் ஜியேன்பெய்க்கும் நடுவே கோடு மெல்லியதுதான். அந்தச் சண்டைகளில் பெரியது 2014இல் நடந்தது. ஃபோக்ஸ்வாகனின் சகிடார் மாடலில் பின்பக்கத்தில் பல தண்டுகள் இணைந்த மல்டி-லிங்க் சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு எளிய அச்சு வைத்தார்கள். அதில் விரிசல் புகார் கிளம்பி 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அச்சை மாற்றாமல் உலோகத் தகடு வைத்து வலுப்படுத்துகிறோம் என்றதும் வண்டிக்காரர்கள் கொதித்துப்போனார்கள்.

இரட்டைக் க்ளட்ச் கியர்பாக்ஸும் அப்படி அடிபட்ட பொருள்தான். 2013 மார்ச் 15 நுகர்வோர் தினத்தன்று அரசுத் தொலைக்காட்சி ஃபோக்ஸ்வாகனின் கியர்பாக்ஸைக் கிழித்தெடுத்தது. சில நாட்களில் 3,84,181 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஊர்ந்து நின்று, நின்று ஊர்ந்து போகும் சீன நகர நெரிசலுக்கு அது தோதுப்படவில்லை. இந்தக் கதை தெரிந்ததால் பயந்துகொண்டேதான் எடுத்தேன். என் வண்டியில் எட்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. சிக்னலில் எறும்புபோல ஊராமல், முன்னால் கொஞ்சம் இடம் விட்டு ஒரே நகர்வாக நகர்த்தும் பழக்கம் எனக்கு. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது ஓட்டுவதைப் பற்றி. சுஜோ கால்வாய் ஊர், மண் யாங்சி ஆற்றுப் படுகையின் மென்மண். பாலம் அப்படியே நிற்கும், பாலத்துக்கு ஏறும் சாலை மட்டும் வருடா வருடம் அமுங்கும். அதனால் ஒவ்வொரு பாலத்தின் தலைமாட்டிலும் ஒரு தூக்கல். என் அலுவலகப் பாதையில் பதினொரு பாலங்கள், எண்ணியிருக்கிறேன். முன் சக்கரம் ஏறும்போது ஒன்றும் தெரியாது. பின் சக்கரம் ஏறி இறங்கியதும் வண்டியின் பின்பாதி ஒருமுறை எழும்பி, இன்னொரு முறை மெல்ல அசைந்து அடங்கும். சீனாவுக்கென்று ஷாக் அப்சார்பரை மென்மையாக்கியதன் பலன் அந்த இரண்டாவது அசைவு. நண்பரின் இறக்குமதி வண்டியில் அதே பாலத்தில் 'டக்' என்று ஒரே அடி, முடிந்தது. எனக்கு அந்த 'டக்' பிடிக்கும். அம்மாவுக்கு அசைவு பிடித்தது, 'தொட்டில் மாதிரி இருக்கு' என்றார். மகளுக்கு வாந்தி வரும். ஆறு வயதுவரை கதவுப் பையில் பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தோம். 80,000 கிலோமீட்டரில் பின் ஷாக்குகளை மாற்றியபோது கொஞ்சம் இறுக்கமானதாகப் போடச் சொன்னேன். அதன்பின் கவர் தேவைப்படவில்லை.

நீளத்துக்கு விலை திருப்பத்தில்தான். பழைய நகரத்தின் சந்துகளில் ஒரே மூச்சில் யூ டர்ன் கிடையாது, அடித்தளப் பார்க்கிங்கின் சுழல் சரிவில் உள்பக்கப் பின் சக்கரம் மூன்று தடவை விளிம்பை உரசியிருக்கிறது. மூன்றும் என் தப்பு.

புது வண்டி வாசனை நம் ஊரில் பெருமை. இங்கே அது புகார். 2011இல் வெளியான தேசிய வழிகாட்டு நெறி, காருக்குள் இருக்கும் காற்றில் எட்டு வேதிப்பொருட்களுக்கு அளவு வகுத்திருக்கிறது; ஃபார்மால்டிஹைடு கன மீட்டருக்கு 0.10 மில்லிகிராம், பென்சீன் 0.11. அதனால் பசை, நுரை, தோல் எல்லாவற்றையும் மோந்து பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். அப்படியும் முதல் கோடையில் வெயிலில் நின்றால் தலைவலிக்கும் நெடி அடித்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு பம்பளிமாஸ் தோலை எடுத்து வந்து பின் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். நெடி போயிற்றா என்றால், பம்பளிமாஸ் நெடியாக மாறியது.

வண்டியில் வழி காட்டும் நேவிகேஷனில் வேடிக்கை உண்டு. சீனச் சட்டப்படி வரைபடங்கள் தனி ஆயத்தொலைவு முறையில்தான் இருக்கவேண்டும். 'செவ்வாய் ஆயத்தொலைவு' என்று இவர்களே கேலி செய்வார்கள். உண்மையான ஜிபிஎஸ் இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். ஐரோப்பிய நேவிகேஷனை அப்படியே கொண்டுவந்தால் வண்டி கால்வாய்க்குள் ஓடும். எனவே உள்ளே இருப்பது முழுக்க உள்ளூர் மென்பொருள், அதுவும் மூன்றே வருடத்தில் கிழவனாகிவிட்டது. இப்போது கைப்பேசியில் காவ்தெ என்ற வரைபடச் செயலிதான். சிவப்பு விளக்கு மாற இன்னும் எத்தனை வினாடி என்றுகூடச் சொல்கிறது.

எட்டு வருடத்தில் பெரிய செலவு வைத்தது சன்ரூஃப். கூரை முழுக்கக் கண்ணாடி இல்லாவிட்டால் இங்கே வண்டி விற்காது. 2021 ஜூன் மழைக்காலம், ஒரு காலை பின் கதவைத் திறந்தால் காலடிக் கம்பளத்தில் தண்ணீர் சளசளத்தது. நான் போன சர்வீஸ் நிலையத்தில் கம்பளம், அடியில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி, கூரை ரப்பர் எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று 9,000 யுவான் மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். மனசு கேட்காமல் தெருமுனைப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த ஷிஃபு (மேஸ்திரியை இப்படித்தான் கூப்பிடுவோம்) சன்ரூஃபைத் திறந்து மூலையில் ஒரு துளையைக் காட்டினார். மழைநீர் வடிவதற்கான குழாய் அது. புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிற்றை அதற்குள் விட்டு மெல்லத் திருகினார். கீழே சக்கரத்துக்குப் பின்னால் கறுப்புச் சேறு வழிந்தது. அதில் மக்கிய கற்பூர மர இலையும் பொடிப்பொடியாகக் குயிஹுவா பூவும். கற்பூர மரம் சுஜோவின் நகர மரம், குயிஹுவா நகரப் பூ. மரம் ஏப்ரலில் இலை உதிர்க்கும், ஜூனில் மழை பிடிக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யாதே, குழாய் உள்ளே கழன்றுவிடும் என்று எச்சரித்தார். 150 யுவான். அன்றிலிருந்து வருடா வருடம் மே மாதம் நானே கயிறு விடுகிறேன்.

மற்ற செலவுகள் சாதாரணம். நூறு கிலோமீட்டருக்கு 7.3 லிட்டர், அதாவது லிட்டருக்கு 13.7 கிலோமீட்டர். டயர் இரண்டு செட், பிரேக் பேட் இரண்டு முறை, பேட்டரி இரண்டு. ஷாங்காய்க்குப் போனால் வெளியூர் நம்பர் பிளேட் என்பதால் வேலைநாட்களில் காலை 7 முதல் இரவு 8 வரை மேம்பாலச் சாலையில் ஏறமுடியாது. அதற்கு வண்டி என்ன செய்யும்?

போன மாதம் நண்பர் சீன மின்சார வண்டி ஒன்று எடுத்தார். பின் சீட் படுக்கையாகிறது, நடுவில் குளிர்பெட்டி, கூரையிலிருந்து திரை இறங்குகிறது. ஐரோப்பியர் நாலு விரற்கடை நீட்டிக் காட்டியதை இவர்கள் வீட்டு வரவேற்பறையாக்கிவிட்டார்கள். ஃபோக்ஸ்வாகன் 2023இல் சீன நிறுவனமான எக்ஸ்பெங்கில் 70 கோடி டாலர் போட முடிவெடுத்ததும் சும்மா இல்லை. ஆசைக்கு என் வண்டியையும் மதிப்புப் போட்டுப் பார்த்தேன். 46,000 யுவான் என்றார்கள், வாங்கிய விலையில் கால்பங்குகூட இல்லை.

ராத்திரி அம்மா போன் பண்ணினார்.

'எய்யா, வண்டிய வித்துட்டியா?'

'இல்லம்மா, சும்மா விலை கேட்டேன்.'

'புது வண்டியில முன் சீட்டைத் தள்ளுத பட்டன் இருக்கா?'

'இருக்கும்மா. பட்டனா இல்ல, திரையில தொட்டாப் போதும்.'

'திரையிலயா? அதுக்கு நான் கண்ணாடி போடணும்லா.'