கிரிப்டோ சன்மானம்: ஆறு ஆண்டில் கைக்கு வந்தது 1,300 வெள்ளி (ரிங்கிட்)

பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சின்ன நிரல் நூலகம் ஒன்று வைத்திருக்கிறேன். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பகலில் கணக்கு வேலை, இரவில் இது. இப்படி நிரலைத் திறந்து வைக்கும் திறமூல நிரலாளர்களுக்குக் கிரிப்டோவில் காசு வருகிறது என்று கேள்விப்பட்டு 2019இல் இறங்கினேன்.

முதலில் பவுன்டி. ஒரு பிழையைச் சரிசெய்தால் இவ்வளவு என்று விலை ஒட்டியிருக்கும். ஒரு தளத்தில் 40 டாலர் வேலை ஒன்றை முடித்தேன். அது 2021, ஈத்தரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பில் பணம் அனுப்பும் கட்டணம் உச்சத்தில் இருந்த நேரம். வெள்ளியாக மாற்றி வங்கிக்குக் கொண்டுவருவதற்குள் பாதி கரைந்துவிட்டது.

திறமூலத் திட்டங்களுக்குக் கிரிப்டோவில் நிதி திரட்டும் கிட்காயின் தளத்தின் மானியச் சுற்று பரவாயில்லை. ஈத்தரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பியூட்டரினும் இன்னும் இருவரும் 2018இல் எழுதிய கணக்கு அதற்கு அடிப்படை. ஒரே ஆள் 100 டாலர் போடுவதைவிட 100 பேர் ஆளுக்கு ஒரு டாலர் போட்டால் பொது நிதியிலிருந்து பங்கு பல மடங்கு வரும். நல்ல யோசனைதான். ஆனால் என் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அச்சகக்காரர்களும் தமிழாசிரியர்களும். அவர்களில் யாரிடம் கிரிப்டோ பணப்பை இருக்கிறது? எனக்குப் போட்டது ஏழு பேர், அதில் நாலு பேர் நண்பர்கள்.

கேட்காமலே வந்தது ஸ்டார்க்நெட் என்ற கிரிப்டோ வலையமைப்பின் காசு. 2024 பிப்ரவரியில், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் முன்னணி 5,000 திட்டங்களில் பங்களித்தவர்களுக்கும் டோக்கன், அதாவது அவர்களுடைய கிரிப்டோ நாணயம், பிரித்தார்கள். எப்போதோ ஒரு பெரிய எழுத்துருத் திட்டத்தில் நான் செய்த நாலு திருத்தங்களுக்கு எனக்கும் நூறு சொச்சம் கிடைத்தது. பாதியை உடனே விற்றேன். மீதியை ஏறும் என்று வைத்தேன். ஆண்டு முடிவதற்குள் பாதி விலைக்கும் கீழே போய்விட்டது. என் பேராசை, வேறென்ன.

அதே ஆண்டில்தான் டீ திட்டத்தின் கூத்து. மேக் கணினியில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹோவெல் தொடங்கியது அது. திறமூலத் திட்டங்களுக்கு டோக்கன் என்றதும், சம்பந்தமே இல்லாதவர்கள் கண்ட திட்டங்களிலும் தங்கள் கணக்கைப் பதிக்கும் கோப்பைச் சேர்க்கச் சொல்லிக் கோரிக்கைகளைக் குவித்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மில் உள்ளே ஒன்றுமில்லாத பொட்டலங்கள் ஆயிரக்கணக்கில் ஏறின.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பாவிடம் இதைச் சொன்னேன். "பாலை நிறுத்து வாங்குனா தண்ணி ஊத்தத்தான்யா செய்வான்" என்று சிரித்தார். தோட்டத்தில் அதற்காகவே கிராணி (தோட்டக் கணக்கர்) வாளியில் பால் எவ்வளவு கெட்டி என்று காட்டும் மெட்ரோலாக்கை முக்கிப் பார்ப்பாராம். நிரலில் முக்கிப் பார்க்க அப்படி ஒன்று இல்லை. யாராவது உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும், அந்த வேலைக்கு யாரும் விலை ஒட்டுவதில்லை.

கிரிப்டோவின் சொந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் கதை வேறு. பிரிங்க் போன்ற அமைப்புகள் பிட்காயின் கோர் நிரலாளர்களுக்கு மானியம் கொடுத்து முழுநேரமாக உட்கார வைக்கின்றன. அங்கே பயன்படுத்துகிறவனும் காசு வைத்திருப்பவனும் ஒரே ஆள்.

என் பக்கம் அந்த ஆள் ஈப்போவில் ஓர் அச்சகம். இரண்டு ஆண்டாக மாதம் 150 வெள்ளி நேரே வங்கியில் போடுகிறார்கள். போன வாரம் அவர்கள் அனுப்பிய பழைய கோயில் மலரில் 'ஸ்ரீ' எல்லாம் உடைந்து வந்திருக்கிறது. இன்றிரவு அதைத்தான் பார்க்க வேண்டும்.