ஒற்றை நிலை, இரட்டை நிலை, வெல்டிங் வகை: மதுரை வெயிலில் எந்தக் கரியமில வாயு ரெகுலேட்டர் நிலைக்கும்?

மீன்களோடு நீர்ச்செடி வளர்க்கும் தொட்டி வைத்திருப்பவர்கள், செடிகளுக்கான கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைக்கும் ரியாக்டருக்குள் போகும் குமிழி ஒரு நாள் கூடியும் மறுநாள் குறைந்தும் ஓடினால், உடனே சிலிண்டரின் அழுத்தத்தை இறக்கித் தரும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து புதிதாக வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். அப்போது மதுரையில் இருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. மீன் கடையில் கிடைக்கும், சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) பொருத்திய, அழுத்தத்தை ஒரே படியில் இறக்கும் சிறிய ஒற்றை நிலை ரெகுலேட்டரையே மறுபடி வாங்கலாம். வெல்டிங் சாமான் கடையில் கரியமில வாயுவுக்கான பித்தளை ரெகுலேட்டரை வாங்கி, குமிழியின் அளவை நுணுக்கமாக வைக்கும் நீடில் வால்வையும் சோலனாய்டையும் தனியே பூட்டலாம். அல்லது பணம் சேர்த்து, அழுத்தத்தை இரண்டு படிகளில் இறக்கும் இரட்டை நிலை ரெகுலேட்டரை வரவழைக்கலாம். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் கோளாறு எங்கே என்று பார்த்துவிட வேண்டும். சோலனாய்டை அணைத்துவிட்டு, வெளியேறும் அழுத்தத்தைக் காட்டும் சிறிய கேஜின் முள்ளை அரை மணி நேரம் கவனியுங்கள். அணைத்தவுடன் சற்றே ஏறி நின்றுவிட்டால் அது இயல்பு. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உள்ளே வால்வு அமர்ந்து அடைக்கும் சீட்டில் தூசியோ கீறலோ இருக்கிறது, அதுதான் உண்மையான ரெகுலேட்டர் கோளாறு. முள் அசையாமல் நிற்க, சோலனாய்டு திறந்திருக்கும்போது குமிழி மட்டும் மாறினால் குற்றவாளி நீடில் வால்வு. அணைத்த பிறகும் குமிழி நெடுநேரம் வந்துகொண்டிருந்தால் சோலனாய்டில் அழுக்கு. சிலிண்டர் வால்வை இரவில் மூடிவைத்து, காலையில், சிலிண்டர் பக்கத்து அழுத்தத்தைக் காட்டும் பெரிய கேஜ் பூஜ்யத்தை நோக்கி இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. பெரும்பாலும் சிலிண்டர் வாயில் போடும் வாஷர்தான் காரணம், சோப்பு நுரை தடவினால் தெரிந்துவிடும். அந்த இணைப்பை அடைப்பது வாஷரே தவிர மரை அல்ல என்பதால் அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவதில் பயனில்லை.

தண்ணீரில் கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கரையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதற்குள் 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மை உள்ள கரைசல் இருந்தால்தான் பச்சை நிறம் ஏறத்தாழ 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) வாயுவைக் குறிக்கும். நம் பகுதிப் போர் தண்ணீரையே அதில் ஊற்றி, அதன் கடினத்தன்மை 12 டிகிரியாக இருந்துவிட்டால், அதே பச்சை 90 பிபிஎம்மைக் குறிக்கும். நிறம் சரியாகவே இருக்க, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அங்கே ரெகுலேட்டர் மீது தவறே இல்லை.

இனி மதுரைக்கே உரிய விஷயம். கரியமில வாயு 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் திரவமாக நிற்பதில்லை. 20 டிகிரியில் சிலிண்டருக்குள் சுமார் 830 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), 30 டிகிரியில் 1,045 அளவில் அழுத்தம் இருக்கும். சித்திரை மாதத்துப் பிற்பகலில் மேற்குச் சுவரை ஒட்டி வைத்த, புதிதாக நிரப்பிய சிலிண்டரில் அது 1,200ஐயும் தாண்டும். ஒற்றை நிலை ரெகுலேட்டரில், சிலிண்டரின் அழுத்தமே வால்வை மூடும் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆகவே உள்வரும் அழுத்தம் குறையும்போது வெளியேறும் அழுத்தம் கூடும். பிற்பகலில் குமிழி குறைந்து விடியலில் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிலிண்டர் தீரும் கட்டத்தில் இதே குணம் பெரிதாகிறது: 850இலிருந்து நூறுக்குக் கீழே அழுத்தம் இறங்கும்போது வெளியழுத்தம் பல பிஎஸ்ஐ ஏறிவிடும். இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு காலையில், தொட்டியிலிருந்த டெட்ரா மீன்கள் அத்தனையும் இறந்து மிதப்பதைக் கண்டேன். டிராப் செக்கர், வாயு அளவு மீறியதைக் காட்டும் மஞ்சளாகவும் சிலிண்டர் காலியாகவும் இருந்தன. அந்தக் காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை.

மீன் கடை ரெகுலேட்டர்களில் பலவற்றில் வெளியழுத்தம் தொழிற்சாலையிலேயே நிறுத்தப்பட்டிருக்கும், திருகி மாற்ற இயலாது. அதனால் மேற்சொன்ன ஏற்றத்தாழ்வுக்கு நம்மிடம் மாற்று எதுவும் இல்லை. சீட் கெட்டால் மாற்றுப் பொருளும் எளிதில் கிடைப்பதில்லை. சிறு தொட்டிக்கு, வீட்டில் எப்போதும் ஆள் இருந்தால், போதும். அதற்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெல்டிங் ரெகுலேட்டரும் ஒற்றை நிலைதான், அதே குணம் அதற்கும் உண்டு. ஆனால் வெளியழுத்தத்தை நாமே வைக்கலாம் என்பது பெரிய வேறுபாடு. ரியாக்டருக்கு 10 பிஎஸ்ஐ போதும் என்றாலும், 30இல் வைத்து நீடில் வால்வை அதிகம் இறுக்கிக்கொள்வது நல்லது. சிலிண்டர் தீரும்போது வெளியழுத்தம் 8 ஏறுகிறது என்று வைத்தால், 10உடன் 8 சேர்வதும் 30உடன் 8 சேர்வதும் ஒன்றல்ல. நம்மூர் சிலிண்டரின் மரைக்கு அது நேராகப் பொருந்தும். கெட்டால் வெல்டிங் சாமான் பழுதுபார்ப்பவரிடமே டயஃப்ரமும் (உள்ளிருக்கும் சவ்வு) சீட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும் வகையைத் தவிர்த்து, அழுத்தம் காட்டும் கேஜ் உள்ளதைக் கேளுங்கள். நம்முடைய குமிழிக் கணக்குக்கு லிட்டர்க் கணக்கு உதவாது, ஹீட்டரும் தேவையில்லை. செலவைக் குறைக்க நினைத்தாலும் நீடில் வால்வில் குறைக்காதீர்கள்.

இரட்டை நிலை ரெகுலேட்டரில் முதல் நிலை அழுத்தத்தை ஓர் இடைப்பட்ட அளவுக்கு இறக்கிக் கொடுப்பதால், இரண்டாம் நிலைக்குச் சிலிண்டரின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய தெரிவதே இல்லை. அடிக்கடி வெளியூர் போகிறவர்கள், விலை உயர்ந்த மீன் வளர்ப்பவர்கள் இதையே வாங்க வேண்டும். எனினும் நீடில் வால்வு நழுவுவதையோ வாஷர் கசிவையோ இது தடுக்காது. வெளிநாட்டுச் சரக்கென்றால் மரை பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும், சோலனாய்டும் தண்ணீரை ஓட்டும் ஃபில்டரும் ஒரே மின் இணைப்பில் இருக்கட்டும். சோலனாய்டு இன்வெர்ட்டரிலும் ஃபில்டர் நேர் மின்சாரத்திலும் இருந்தால், மாதாந்திர மின்தடை நாளில் ஓடாத தண்ணீருக்குள் வாயு மட்டும் போய் ரியாக்டரில் சேரும். பழைய தீயணைப்பு சிலிண்டரை நிரப்பிப் பயன்படுத்துபவர்கள், அடிவரை செல்லும் குழாயை நிரப்பும் இடத்திலேயே கழற்றச் சொல்ல வேண்டும். அது இருந்தால் திரவம் ஏறி, எந்த ரெகுலேட்டரின் சீட்டையும் கெடுத்துவிடும்.

நான் இப்போது வெல்டிங் வகையையே வைத்திருக்கிறேன். பெரிய கேஜ், திரவம் இருக்கும்வரை மிச்சத்தைக் காட்டாது, வெப்பத்தைத்தான் காட்டும். அதனால் ஞாயிறுதோறும் சிலிண்டரைத் தராசில் வைத்து, அதன் மேல் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்துப் பார்க்கிறேன். நிரப்பியதில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும்போதே நிரப்பக் கொடுத்துவிடுகிறேன்.