பூட்டு அறை, கதை அறை, மேசைப் பெட்டி, கோட்டை வீதி: கொழும்பில் மர்மம் துலக்கப் போகும் அணிக்கு எது தோது?

எஸ்கேப் ரூம் என்றால், ஓர் அறைக்குள் இருக்கும் புதிர்களை நேரம் முடியுமுன் அவிழ்த்து வெளியே வரும் விளையாட்டு. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "எஸ்கேப் ரூம் போவமா?" என்று போட்டால், அடுத்து வருவது "தலைக்கு எவ்வளவு? எத்தனை மணிக்கு?" என்ற கேள்விகள்தான். எந்த மாதிரி அறை என்று கேட்பவர் குறைவு. ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் எப்படிப் போகும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ஐந்தாறு பேர் கொண்ட, வயது கலந்த தமிழ் அணிக்குக் கதையோடு ஓடும் மர்ம அறைதான் என் முதல் தெரிவு. ஏன் என்று சொல்ல மற்றவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பூட்டு அறை. கணினியில் இருந்த "அறையிலிருந்து தப்பு" விளையாட்டுகளை நிஜ அறைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் ஸ்க்ராப் நிறுவனம். 2007இல் கியோட்டோவில் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த எளிய வடிவம் இது: நான்கு இலக்கப் பூட்டு, அதற்குள் ஒரு திறப்பு, அது திறக்கும் பெட்டிக்குள் புற ஊதா டோர்ச், டோர்ச் அடித்தால் சுவரில் இன்னொரு இலக்கம். சிறைச்சாலை, ஆய்வுகூடம் என்று பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றே. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதன்முறை போகிறவர்களுக்கும் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் நல்ல விருந்து. வாசிக்க அதிகமில்லாததால் மொழியும் தடையாகாது. ஆனால் யாருடைய அறை அது, ஏன் பூட்டினார்கள் என்று வெளியே வந்ததும் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் பதில் இருக்காது.

கதை அறையில் அந்தக் கேள்வியே விளையாட்டு. நாங்கள் விளையாடிய ஒன்றைச் சொல்கிறேன். இனிப் போகிறவர்களுக்காக விவரங்களை மாற்றியிருக்கிறேன். மலையகத் தோட்ட பங்களாவின் அலுவலக அறை. கணக்குப்பிள்ளையைக் காணவில்லை, பணத்தோடு ஓடிவிட்டார் என்று துரை கடிதம் எழுதிவைத்திருக்கிறார். லாச்சியில் ரயில் டிக்கெட், சுவரில் நாள் கிழிக்கும் கலண்டர், கதிரையில் தொங்கும் கோட்டு. பொடியன்கள் இருவர் டிக்கெட் இலக்கத்தைப் பெட்டகத்தில் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களோடு வந்த மாமி கோட்டுப் பையைத் தடவி, தடித்த மூக்குக்கண்ணாடி ஒன்றை வெளியே எடுத்தார். "தம்பி, கண்ணாடியை விட்டிட்டு ஆரும் தூரப் பயணம் போவினமே?" என்றார். எல்லோரும் கையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டோம். மனிதர் எங்கும் போகவில்லை, கடிதம் பொய் என்பது அந்த ஒரு கேள்வியில் வெளித்துவிட்டது. கணக்குக் கொப்பியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததை வாசிக்கவும் அதே கண்ணாடிதான் உதவியது. பெட்டக இலக்கம் அங்கேதான் இருந்தது.

நல்ல கதை அறைக்கு இதுவே அடையாளம்: ஒரு பொருள் சாட்சியமாகவும் இருக்கும், புதிரின் சாவியாகவும் இருக்கும். பூட்டு அறையில் அந்த மாமி கதிரையில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். மனிதர்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே வேலை இருக்கிறது. வயது கலந்த அணிக்கு நான் இதைச் சொல்வதும் அதனால்தான்.

குறைகளும் உண்டு. பெரியது மொழி. கடிதம், நாட்குறிப்பு, பத்திரிகைத் துண்டு எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஹிண்ட் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வரும். டைமர் ஓடும்போது ஒரு பக்கக் கடிதத்தை ஆறு பேர் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பதைப் போல நேரத்தைத் தின்பது வேறில்லை. உள்ளே போகுமுன்பே ஒருவரை வாசிப்பாளராக நியமியுங்கள். அவர் உரக்க வாசித்து, பெயர், தேதி, இடம் மூன்றையும் தமிழில் சொல்லட்டும், இன்னொருவர் குறித்துக்கொள்ளட்டும். கடிதத்தை மேசையில் ஒரே இடத்தில் வையுங்கள், ஒருவரும் பையில் போடக் கூடாது.

அடுத்தது புதிர்களின் ஒழுங்கு. கனடாப் பேராசிரியர் ஸ்கொட் நிக்கல்சன் 2015இல் வெளியிட்ட ஆய்வுக்காகப் பல நாடுகளின் 175 எஸ்கேப் ரூம் நிலையங்களிடம் விவரம் திரட்டினார். புதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அறைகள், எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அறைகள், தனித்தனிப் பாதைகளாகப் பிரிந்து கடைசியில் சேரும் அறைகள் என்று அவர் பிரித்துக் காட்டினார். கதை அறைகள் முதல் வகைக்குச் சாய்வதுண்டு, கதைக்கு முன்பின் வேண்டுமே. அப்படிப்பட்ட அறையில் ஆறு பேர் நுழைந்தால் இரண்டு பேர் விளையாடுவார்கள், நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பதிவு செய்யும்போது "எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய ஏலுமா, ஒரு புதிர் முடிந்தால்தான் அடுத்ததா?" என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் மூன்று, நான்கு பேரோடு போவதே நல்லது.

மேசைப் பெட்டி என்பது, இதே மாதிரிப் புதிர்களை அட்டைகளாகப் பெட்டியில் வாங்கி வீட்டு மேசையில் விளையாடுவது. அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜேர்மனியின் எக்ஸிட் வரிசை 2016இல் வந்து, அடுத்த வருடமே அங்குள்ள கென்னர்ஷ்பீல் விருதை வாங்கியது. அதில் அட்டைகளை வெட்ட வேண்டும், மடிக்க வேண்டும். ஒரு முறைக்கு மேல் விளையாட முடியாது. அன்லொக் வரிசையில் எதையும் கிழிக்கத் தேவையில்லை. கைபேசிச் செயலி நேரம் பார்க்கும், முடித்ததும் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். மழை கொட்டும் ஞாயிறு பின்னேரம், வெள்ளவத்தை பிளாட்டில் மூன்று பேர், ஒரு கேத்தல் பிளேன்டீ என்றால் போதும். நான்கு பேருக்கு மேல் போனால் அட்டை யார் கையில் என்பதே சண்டையாகிவிடும்.

எனக்கு மிகவும் ஆசையான தெரிவு இன்னொன்று: நீங்களே எழுதி, கோட்டையிலும் புறக்கோட்டையிலும் நடந்து விளையாடும் தமிழ் மர்மக் கதை. சதாம் வீதிச் சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் எழுந்தது. பத்து வருடம் கழித்து வெளிச்சவீடாகவும் வேலை பார்த்தது. கடலுக்கு வழிகாட்டிய மணிக்கூடு என்று ஒரு வரி எழுதினால், அதுவே முதல் துப்பு. அங்கிருந்து டச்சு வைத்தியசாலை, பிறகு புறக்கோட்டையில் 1908இல் கட்டத் தொடங்கிய சிவப்புப் பள்ளிவாசலின் கோடுகள். கடிதம் முழுக்கத் தமிழில், அம்மம்மாவும் வாசிக்கலாம். செலவு தோடம்பழச் சாற்றுக்கும் பஸ்ஸுக்கும்தான். ஆனால் எழுதுகிறவருக்கு விடை தெரியும் என்பதால் அவர் விளையாட முடியாது. வெயிலும் சனமும் வேறு. காலை எட்டு மணிக்கு முன் தொடங்கினால் சமாளிக்கலாம். எழுத ஓர் ஆள் அகப்பட்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். அகப்படாவிட்டால் கதை அறை.

எந்த அறையானாலும் காசு கட்டுமுன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். 2019 ஜனவரியில் போலந்தின் கொஷாலின் நகரில், பிறந்தநாள் கொண்டாட எஸ்கேப் ரூமுக்குப் போன 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் தீவிபத்தில் வெளியேற முடியாமல் இறந்துபோனார்கள். விளையாட்டுக்காகக்கூடக் கதவை உண்மையில் பூட்டத் தேவையில்லை. கதை நன்றாக இருந்தால் கதவைப் பற்றி யாரும் நினைப்பதும் இல்லை. "உள்ளேயிருந்து நாங்களே கதவைத் திறக்கலாமா? கரண்ட் போனால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். போனதும் உள்ளேயிருந்து கதவைத் திறக்கும் பொத்தானை ஒரு தரம் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடமென்றால் முற்பணம் போனாலும் பரவாயில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.