சுங்கை பூலோ செடிக்கடைகள்: கன்றுகளுக்கு நடுவே பாதையும் மழை லில்லியும்

கோலாலம்பூரில் புதிதாக மரக்கன்று நட்டவர்கள் பாதைக் கல்லையும் பூக்கிழங்கையும் ஒரே நடையில் வாங்கிவர, நகரை அடுத்த சுங்கை பூலோதான் சரியான இடம். 1930இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்றார்கள். அதிலிருந்து பெருகியதுதான் இன்றைய கடை வரிசை. விலை கடைக்குக் கடை மாறும். நான்கைந்து கடை ஏறி இறங்கிவிட்டு வாங்குங்கள்.

குளிர்நாடுகளில் வசந்தத்தில் பூக்கும் டுலிப்பின் கிழங்கை எங்கே கண்டாலும் கை வைக்க வேண்டாம். அதற்கு 12 முதல் 16 வாரம் கடும் குளிர் வேண்டும். நம் ஊர் இரவு அந்தப் பக்கமே போகாது. நமக்கு வசந்தம் என்றால், சில நாள் காய்ந்த மண்ணில் விழும் முதல் பெருமழைதான். அதற்குப் பிறகு சில நாளில் மழை லில்லி என்ற சிறு கிழங்குச் செடி மொட்டு விடும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு மூன்றும் இங்கே பாலிபேக்கில், அதாவது பிளாஸ்டிக் நாற்றுப்பையில், கிடைக்கும். கிழங்கு நெருக்கிப் பை பிதுங்குவதாகப் பார்த்து எடுங்கள். ஒரே பையைப் பிரித்து நிறைய இடத்தில் நடலாம். கிழங்கை அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தென்றால் அழுகல். பல பைகளில் பெயர்ச்சீட்டு இருப்பதில்லை, இந்தக் கடைகளின் பெரிய குறை அதுதான். நிறம் தெரிய, பூத்த பையாகக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கியதை உடனே நட்டுவிடாதீர்கள். பாதைதான் முதல் வேலை. கன்றின் வேர் சின்னதாக இருக்கும்போதே தோண்டிவிட வேண்டும். இரண்டு வருடம் கழித்துத் தோண்டினால் வெட்டுப்படுவது வேர்தான். பாதையின் ஓரம் தண்டிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளியிருக்கட்டும். மா போலப் பெரிதாகும் மரமென்றால் 2 மீட்டர். கல்லின் கனத்தோடு சேர்த்து 16 செ.மீ. தோண்டி, 8 செ.மீ. உடைகல்லை நன்றாக இடித்து இறுக்கி, மேலே 3 செ.மீ. கல்தூள் பரப்பிப் பலகைக் கல்லை வையுங்கள். மெல்லிய பலகை விரிசல் விடும், 5 செ.மீ. கனம் கேளுங்கள். ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடுவுக்கு 55 முதல் 60 செ.மீ. இருந்தால் நடை இயல்பாக வரும். மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கொடுத்து, தண்ணீர் பூப்பாத்திப் பக்கம் ஓடும்படி செய்யுங்கள். இடுக்கில் சிமெண்டு பூசினால் வேருக்குப் போகும் நீரும் காற்றும் அடைபடும். கடையில் பளபளக்கும் உருண்டைக் கூழாங்கல் பாதைக்கு ஆகாது, காலடியில் உருளும். வழவழப்பான பலகையில் மழைக்காலப் பாசி வழுக்கும்; சொரசொரப்பானதே நல்லது.

தண்டைச் சுற்றி 50 செ.மீ. வட்டத்தில் கிழங்கு வேண்டாம். அங்கே 5 செ.மீ. மூடாக்கு போதும், அதுவும் தண்டைத் தொடாமல். அதற்கு வெளியே, ஆறு மணி நேர வெயில் படும் இடத்தில், 8 செ.மீ. இடைவெளியில் மழை லில்லி நடுங்கள். கிழங்கின் கழுத்து மண் மட்டத்தில் நிற்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கரடு மணல் கலக்காமல் நடாதீர்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு தப்பாது. இலை புல்லைப் போலவே இருப்பதால் புல் வெட்ட வருபவரிடம் இடத்தைக் காட்டிவிடுங்கள். சமையலுக்கு வளர்க்கும் குச்சாய் என்ற பூண்டுவகைக் கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் மட்டும் கூடவே கூடாது. இரண்டின் இலையும் ஒன்றுபோலத் தெரியும், லில்லியோ நஞ்சு.

மரம் குடை விரித்து நிழல் கூடினால் மழை லில்லி இலையோடு நின்றுவிடும். அப்போது அதைப் பாதையோர வெயிலுக்கு மாற்றி, அந்த இடத்தில் அரைநிழல் தாங்கும் ஸ்பைடர் லில்லியை 40 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். அதையும் இதே கடைகளில் வாங்கலாம். வாங்கும்போதே இலையைப் புரட்டி முட்டைக் கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். புழு பொரித்துவிட்டால் சில நாளில் இலையைத் தின்று கிழங்குக்குள்ளும் இறங்கிவிடும்.