பினாங்கில் ஒரு பல் பூச்சு

லண்டனில் எங்கள் பக்கத்துப் பல் கிளினிக்குகள் எல்லாமே புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று கைவிரித்துவிட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, பல் சொத்தையைத் தடுக்க மூன்று வயதிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை ஃப்ளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைப் பூசச் சொல்வதும் அவர்கள்தான். ஆனால் இடம் கிடைத்தால்தானே! ஐந்து வயது மகளின் மேல்பற்களில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைத் திட்டுகள். ஈஸ்டர் விடுமுறைக்கு மலேசியாவிலுள்ள பினாங்கு போகும்வரை தூக்கமே வரவில்லை.

பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில் அக்கா வழக்கமாகப் போகும் தனியார் கிளினிக். காலையில் போன் செய்தோம், மாலை நான்கு மணிக்கு நாற்காலியில் மகள். டாக்டர் தமிழ்ப் பெண். “ஆ காட்டுங்க பாப்பா” என்றதும் என் மகள் மறுபேச்சில்லாமல் காட்டினாள்.

அந்தத் திட்டுகள் சொத்தையின் முதல் படி என்றார் டாக்டர். சீனியைத் தின்று கிருமிகள் விடும் அமிலம் பல்லின் மேலோடான எனாமலைக் கரைக்கிறது. குழி விழாதவரை மீட்கலாம். உமிழ்நீரில் இருக்கும் கால்சியத்தைத் திரும்பப் பல்லில் படியவைக்க ஃப்ளோரைடு உதவுகிறது. பற்களைத் துடைத்துக் காயவைத்து, சின்னத் தூரிகையால் மஞ்சள் பசையைப் பூசினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பற்பசையில் 1,000 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃப்ளோரைடு என்றால் இதில் 22,600. அதனால்தான் சில துளிகளோடு நிறுத்திவிடுகிறார்கள். அன்று இரவு பல் துலக்கக் கூடாது, சூடாகவோ கடித்தோ எதுவும் தின்னக் கூடாது. அம்மா தயிர்சோறு குழைத்து ஊட்டினார். மறுநாள் துலக்கியதும் மஞ்சள் போய்விட்டது. எல்லாம் சேர்த்து 90 வெள்ளி (ரிங்கிட்).

கிளம்பும்போது டாக்டர் அக்காவிடம் கேட்டார்: “வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீங்க?” மலேசியாவில் குழாய் நீரில் ஃப்ளோரைடு கலப்பது 1972 முதல் நாடு தழுவிய கொள்கை, 2005ல் அளவை 0.7 பிபிஎம்மிலிருந்து 0.5க்குக் குறைத்தார்கள். அக்கா வீட்டில் இருப்பதோ ஆர்ஓ ஃபில்டர். அது ஃப்ளோரைடில் பெரும்பகுதியை எடுத்துவிடும் என்று கேட்டதும் அக்கா முகம் வாடிவிட்டது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஃப்ளோரைடு என்றால் தருமபுரிப் பக்கத்துக் கறை படிந்த பற்கள்தான் ஞாபகம் வரும். அது நிலத்தடி நீரில் இயற்கையாகவே மிதமிஞ்சி இருப்பதால் வருவது. இங்கே அளந்து கலக்கிறார்கள். லண்டன் குழாய் நீரில் அப்படிக் கலப்பதில்லை, எங்களுக்கு வார்னிஷும் பற்பசையும்தான் துணை.

அக்கா மகனுக்கு இந்த அலைச்சலே இல்லை. அவன் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்கே அரசாங்கப் பல் குழு வந்து பார்த்துவிட்டுப் போகிறது, காசும் வாங்குவதில்லை. அந்தக் குழுவில் வரும் பல் தாதிகளை அம்மா இன்னும் ‘பல் மிஸி’ என்றுதான் சொல்கிறார். அந்த மிஸிகளுக்கான பயிற்சிப் பள்ளி 1949ல் தொடங்கியதே பினாங்கில்தான். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது மிஸி வரும் நாளில் பள்ளிக் கழிப்பறையில் ஒளிந்துகொள்வாராம். பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும்போது, “அன்னைக்கு அவங்க விடாமப் பிடிச்சதாலதான் இந்தப் பல்லெல்லாம் இன்னும் இருக்கு” என்று வாயைத் திறந்தும் காட்டினார்.

அடுத்த பூச்சு ஆறு மாதத்தில். லண்டனில் ஒரு கிளினிக்கின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறேன். அக்டோபருக்குள் கூப்பிடாவிட்டால் தீபாவளிக்குப் பினாங்குதான்.